இதயப் பயாப்ஸியில் ஒன்றும் இல்லை, ஆனாலும் சார்காய்டோசிஸ் என்கிறார்கள். நம்பலாமா?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். தம்பிக்கு 43 வயது. திடீரென்று மயங்கி விழுந்திருக்கிறார். ஈசிஜியில் முழு ஹார்ட் பிளாக் (மேலறையின் மின்துடிப்பு கீழறைக்கு இறங்காமல் நின்றுபோவது), ஆஞ்சியோகிராமில் ரத்தக்குழாய் அடைப்பு எதுவும் இல்லை, பேஸ்மேக்கர் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்துப் படபடப்பு வந்தது. பேஸ்மேக்கரின் பதிவில் கீழறையில் இருந்து கிளம்பும் வேகத் துடிப்புகள் தெரிந்தன. அப்புறம்தான் சிடி, பெட் ஸ்கேன் எல்லாம் எடுத்திருக்கிறார்கள். நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகள் வீங்கியிருக்கின்றன, இதயச் சுவரில் சில இடங்கள் பெட் ஸ்கேனில் ஒளிர்கின்றன. ஆனால் இதயத்தில் இருந்து எடுத்த பயாப்ஸியில் 'கிரானுலோமா இல்லை' என்று அறிக்கை. இருந்தும் இது இதய சார்காய்டோசிஸ்தான், ஸ்டீராய்டு தொடங்கலாம் என்கிறார்கள். சதையையே எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்ற பிறகு வெறும் படத்தை வைத்து எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் நீங்கள் கேட்பது.

நேரடியான பதில் இதுதான். இந்த நோயை 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ அறுதியிட்டுச் சொல்லும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது. இதயப் பயாப்ஸியில் ஒன்றும் தெரியவில்லை என்பது நோய் இல்லை என்பதற்கான ஆதாரம் ஆகாது. அந்த வகையில் உங்கள் மருத்துவர்கள் சொல்வது விநோதமான விஷயம் அல்ல. அதே சமயம், நெஞ்சில் வீங்கிய நெறி இருக்கும்போது அதில் இருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்க்காமல் ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள் என்றால், அந்த இடத்தில் நானாக இருந்தால் ஒரு கேள்வி கேட்பேன். நான் தம்பியை நேரில் பார்க்கவில்லை, படங்களையும் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு என்ன நோய் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. இதய நோயாளிகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன், இந்த நோயைச் சந்தேகிப்பதும் உறுதி செய்வதும் அதில் ஒரு பகுதி. இந்தச் சங்கிலி எப்படிக் கோக்கப்படுகிறது, அதில் எந்தக் கண்ணி பலமானது, எது பலவீனமானது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சார்காய்டோசிஸ் என்பது உடலின் பாதுகாப்புச் செல்கள் காரணம் தெரியாமல் ஆங்காங்கே சிறு முடிச்சுகளாகத் திரண்டுகொள்வது. அந்த முடிச்சுக்குத்தான் கிரானுலோமா என்று பெயர். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் நுரையீரலிலோ நெஞ்சுக்குள் உள்ள நிணநீர்க் கணுக்களிலோ (இவை வீங்குவதைத்தான் நெறிக்கட்டி என்கிறோம்) இது இருக்கும். தோல், கண், கல்லீரல், நரம்பு என எங்கு வேண்டுமானாலும் வரலாம். இதயத்தில் வருவது 1929இலேயே பதிவாகிவிட்டது. சார்காய்டோசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேருக்கு இதயத் தொந்தரவு வெளியே தெரிகிறது. ஆனால் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்த ஆய்வுகளில் இந்தக் கணக்கு எகிறுகிறது: 1978இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 84 பேரில் 27 சதவீதத்தினரின் இதயத் தசையில் கிரானுலோமா இருந்தது. ஜப்பானில் இந்த விகிதம் இன்னும் அதிகம். ஆக, பலருக்கு இதயத்தில் இருந்தும் அது வாய் திறப்பதில்லை. திறக்கும்போது சிலருக்கு முதல் அறிகுறியே மயக்கமாகவோ திடீர் மரணமாகவோ இருந்துவிடுகிறது. இந்த நோயை நாங்கள் விரட்டி விரட்டித் தேடுவது அதனால்தான்.

முடிச்சுகள் இதயத்தில் எங்கே உட்காருகின்றன என்பதைப் பொறுத்துத்தான் தொந்தரவு. அவற்றுக்கு மிகவும் பிடித்த இடம் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவரின் மேல்பகுதி. மேலறையில் இருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்கி வரும் பாதை அந்த வழியாகத்தான் போகிறது. அங்கே வீக்கம் வந்தால் பாதை அறுபடும். அதுதான் ஹார்ட் பிளாக். சுவரின் மற்ற பகுதிகளில் முடிச்சு இருந்து, ஆறி, தழும்பானால், அந்தத் தழும்பைச் சுற்றி மின்சாரம் சுழன்று வேகத் துடிப்பாகக் கிளம்பும். தசை நிறைய அழிந்தால் பம்பிங் குறையும். உங்கள் தம்பிக்கு முதலில் பிளாக், பிறகு கீழறையில் இருந்து வேகத் துடிப்பு. இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு, அதுவும் இந்த வயதில் வந்தால், எந்த இதய மருத்துவருக்கும் சார்காய்டோசிஸ் நினைவுக்கு வந்தே ஆகவேண்டும்.

வயதை ஏன் சொல்கிறேன் என்றால், எழுபது வயதுக்காரருக்கு முழு ஹார்ட் பிளாக் வந்தால் பெரும்பாலும் மின்பாதை மூப்பால் தேய்ந்துபோனதுதான் காரணம். பேஸ்மேக்கர் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. நாற்பதில் அப்படித் தேய்வதில்லை. பின்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், 55 வயதுக்கு உட்பட்டு, காரணம் தெரியாமல் ஹார்ட் பிளாக் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதய சார்காய்டோசிஸோ, அதன் முரட்டு உறவுக்கார நோயான ஜெயன்ட் செல் மயோகார்டைட்டிஸோ இருந்தது. 2014இல் வந்த கனடா ஆய்வில், 60 வயது வரை உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு இதய சார்காய்டோசிஸ். இரண்டுமே சிறிய ஆய்வுகள், சிறப்பு மருத்துவமனைகளில் நடந்தவை. அதனால் அந்த விகிதத்தை அப்படியே எல்லா ஊருக்கும் நீட்டக்கூடாது. ஆனால் அவை காட்டும் திசையில் சந்தேகமில்லை. அறுபதுக்குக் கீழ் உள்ளவருக்குக் காரணமில்லாமல் பெரிய அளவில் பிளாக் வந்தால் நெஞ்சு சிடியும், இதய எம்ஆர்ஐ அல்லது பெட் ஸ்கேனும் எடுத்துப் பாருங்கள் என்று அமெரிக்காவின் ஹார்ட் ரிதம் சொசைட்டி 2014இலேயே சொல்லிவிட்டது. நடைமுறையில் இன்னும் பல இடங்களில் முதலில் பேஸ்மேக்கர், யோசனை பிறகு என்றுதான் நடக்கிறது. நோயாளி நிமிடத்துக்கு முப்பது துடிப்போடு வந்து கிடக்கும்போது அது புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் பேஸ்மேக்கர் வைத்தபின் எம்ஆர்ஐ சிக்கலாகிவிடுகிறது, ஈசிஜியின் வடிவமும் மாறிவிடுகிறது. அதனால் பேஸ்மேக்கருக்கு முன் எடுத்த ஈசிஜித் தாள்கள் வீட்டில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். தம்பி ஏதாவது வேலைக்கோ காப்பீட்டுக்கோ முன்பு எடுத்தது என்றால் இன்னும் நல்லது. அதில் ரைட் பண்டில் பிளாக் என்று எழுதி, யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். மின்பாதையின் ஒரு கிளை எப்போதிலிருந்து பழுது என்பதை அது சொல்லும்.

எக்கோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடுப்புச் சுவரின் மேல்பகுதி மட்டும் தனியாக மெலிந்திருந்தால் அது பெரிய துப்பு. ரத்தக்குழாய் அடைப்புக்குப் பொருந்தாத இடத்தில் சுவர் அசையாமல் இருந்தாலும் அப்படியே. எக்கோ சுத்தமாக இருந்தால் நோய் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது; ஆரம்ப நிலையில் எக்கோ சாதாரணமாகவே இருக்கும். இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். ஏசிஇ என்ற நொதியின் அளவைப் பார்க்க எழுதிக் கொடுப்பார்கள். நோய் இருந்தும் பலருக்கு அது இயல்பாக இருக்கும், வேறு நோயிலும் கூடும், பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ஏசிஇ தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு இறங்கியே இருக்கும். அதை வைத்து நான் எந்த முடிவும் எடுப்பதில்லை. கால்சியம் அளவை மட்டும் கட்டாயம் பாருங்கள். கிரானுலோமாவில் உள்ள செல்களே விட்டமின் டி-யை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும்; அதனால் சிலருக்குக் கால்சியம் ஏறியிருக்கும். ஸ்டீராய்டு கொடுக்கும்போது எலும்புக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு விட்டமின் டி-யும் கால்சியமும் சேர்த்து எழுதுவது வழக்கம். இந்த நோயில் அளவு பார்க்காமல் அதைச் செய்யக்கூடாது.

எம்ஆர்ஐ, பெட் இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. காடோலினியம் என்ற மருந்தை ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ, இதயத் தசையில் எங்கே தழும்போ சேதமோ இருக்கிறது என்று காட்டும். அடைப்பால் வந்த தழும்பு சுவரின் உட்புறத்தில் இருந்து தொடங்கும். சார்காய்டு தழும்பு பெரும்பாலும் சுவரின் நடுவிலோ வெளிப்புறத்திலோ, திட்டுத் திட்டாக, பல இடங்களில் இருக்கும். தடுப்புச் சுவரின் மேல்பகுதியில் தொடங்கி வலது கீழறைப் பக்கம் வளைந்து போகும் திட்டு தெரிந்தால் சந்தேகம் வெகுவாகக் கூடும். தழும்பே இல்லாத எம்ஆர்ஐ நல்ல சேதி. பிற்காலத்தில் ஆபத்தான துடிப்பு வரும் வாய்ப்பு குறைவு. தம்பிக்குப் பேஸ்மேக்கர் இருப்பதால் எம்ஆர்ஐ முடியவே முடியாது என்று சொல்லியிருந்தால், அந்தக் கருவி எம்ஆர்ஐக்கு ஏற்ற வகையா என்று கேளுங்கள். இப்போது வைக்கப்படுபவை பெரும்பாலும் அந்த வகைதான். கருவி வைத்து ஆறு வாரம் கடந்திருந்தால், துடிப்பு அமைப்பை மாற்றி, கண்காணிப்போடு எடுக்கலாம். கருவியின் நிழல் படத்தில் கொஞ்சம் விழும், அவ்வளவுதான்.

பெட் ஸ்கேன் காட்டுவது தழும்பை அல்ல, இப்போது எரிந்துகொண்டிருக்கும் அழற்சியை. அதில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைச் சர்க்கரை. அழற்சிச் செல்கள் சர்க்கரையை அள்ளி விழுங்கும், அதனால் ஒளிரும். இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது: ஆரோக்கியமான இதயத் தசையும் சர்க்கரையை விரும்பித் தின்னும். அதைத் தடுக்காமல் ஸ்கேன் எடுத்தால் இதயம் முழுக்கப் பளிச்சென்று தெரியும், எது நோய் எது தசை என்று பிரிக்கவே முடியாது. தடுக்கும் வழி சாப்பாடுதான். முந்தைய நாள் குறைந்தது இரண்டு வேளை கொழுப்பு நிறைந்த, மாவுச்சத்து ஏறக்குறைய இல்லாத உணவு; அப்புறம் இரவு முழுக்கப் பட்டினி. அப்போது இதயம் சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்கப் பழகிவிடும், அழற்சி உள்ள இடங்கள் மட்டும் சர்க்கரையை இழுக்கும். ஒரு வேளைக்கு மாவுச்சத்து மூன்று கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். மூன்று கிராம் என்றால் ஒரு சிறிய கரண்டிச் சர்க்கரைகூட அதைத் தாண்டிவிடும். முட்டை, இறைச்சி, வெண்ணெய் என்று ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, இருமல் சிரப் ஒரு மூடி குடித்தவர்களை, வாய் மணக்க மிட்டாய் ஒன்று போட்டுக்கொண்டவர்களை, வார்டில் படுத்திருக்கும்போது குளுக்கோஸ் கலந்த டிரிப் ஏற்றப்பட்டவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். பாலில் இருக்கும் சர்க்கரையும் கணக்குதான். அதனால் படத்தைப் பார்க்கும் முன் நோயாளி என்ன சாப்பிட்டார் என்று எழுதிய தாளைப் பார்க்க வேண்டும். உங்கள் தம்பியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: முந்தைய நாள் என்ன சாப்பிட்டார், அதை யாராவது எழுதிக்கொண்டார்களா? எந்தத் தயாரிப்பும் இல்லாமல் எடுத்த ஸ்கேன் என்றால், இதயத்தைப் பொறுத்தவரை அதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். திரும்ப எடுக்கச் சொல்வேன்.

தயாரிப்பு சரியாக இருந்தால்கூட எந்த மாதிரி ஒளிர்கிறது என்பது முக்கியம். இதயம் முழுக்கச் சீராக ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் தயாரிப்பு தோற்றதன் அடையாளம். பக்கவாட்டுச் சுவர் மட்டும் தனியாக லேசாக ஒளிர்வது நோய் இல்லாதவர்களிடமும் உண்டு. திட்டுத் திட்டாக, மற்ற இடம் இருட்டாக இருக்க அங்கங்கே மட்டும் எரிவதுதான் சார்காய்டுக்குப் பொருந்தும். அதோடு அந்த இடத்துக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்று தனியாக இன்னொரு ஸ்கேனும் எடுப்பார்கள். ரத்தம் குறைவு, அழற்சி அதிகம் என்று ஒரே இடத்தில் இரண்டும் சேர்ந்திருந்தால் நம்பிக்கை கூடுகிறது. நீங்கள் எழுதியதில் 'சில இடங்கள் ஒளிர்கின்றன' என்று மட்டும் இருக்கிறது. அறிக்கையில் தயாரிப்பு எப்படி, ரத்த ஓட்டம் எப்படி, எந்தெந்தச் சுவர் என்று மூன்றும் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

இப்போது உங்களை உறுத்தும் பயாப்ஸிக்கு வருகிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ ஓரளவு பொருந்தும், இந்த நோயில் இதயத்துக்குப் பொருந்தாது. முடிச்சுகள் சுவரெங்கும் பரவியிருப்பதில்லை, திட்டாக இருக்கின்றன. நாங்கள் எடுப்பதோ கழுத்து அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாக உள்ளே போய், வலது கீழறையின் உட்பக்கத்தில் இருந்து கடுகளவு சில துண்டுகள். முடிச்சு சுவரின் நடுவிலோ இடது பக்கத்திலோ இருந்தால் எங்கள் இடுக்கி அதைத் தொடவே தொடாது. அதனால்தான் நோய் இருப்பது உறுதியானவர்களிலும் இதயப் பயாப்ஸி நான்கில் ஒருவருக்குத்தான், சில சமயம் அதைவிடக் குறைவாகத்தான், கிரானுலோமாவைக் காட்டுகிறது. படத்தில் ஒளிரும் இடத்தையோ, மின்சாரக் கோளாறு உள்ள இடத்தையோ குறிவைத்து எடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. ஆக அறிக்கை கிரானுலோமா இருக்கிறது என்றால் அதற்கு எடை அதிகம். இல்லை என்றால் எடை மிகக் குறைவு. இன்னொன்றையும் பாருங்கள். அறிக்கையில் கிரானுலோமா இல்லை என்பதற்கு மேல் என்ன எழுதியிருக்கிறது? அழற்சிச் செல்கள் இருந்தனவா, ஜெயன்ட் செல்கள், இயோசினோஃபில் என்ற செல்கள் தெரிந்தனவா, தசைக்கு நடுவில் நார்த்திசு இருந்ததா? அந்தப் பயாப்ஸி சார்காய்டைக் காட்டத் தவறியிருந்தாலும், ஜெயன்ட் செல் மயோகார்டைட்டிஸ் போன்ற மற்ற முரட்டு நோய்களை ஓரளவு விலக்கியிருக்கலாம். ஜெயன்ட் செல் நோய் தசையைப் பரவலாகத் தாக்குவதால் பயாப்ஸியில் அகப்படும் வாய்ப்பு அதிகம். அது வாரக்கணக்கில் இதயத்தைச் சாய்த்துவிடும் என்பதால் அதை விலக்கியதே பெரிய காரியம்.

சரி, இதயத்தில் கிடைக்கவில்லை என்றால் எங்கே தேடுவது? நெஞ்சுக்குள் வீங்கிய நெறிக்கட்டி இருக்கிறதே, அங்கேதான். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, அதன் முனையில் உள்ள அல்ட்ராசவுண்டில் கணுவைப் பார்த்துக்கொண்டே ஊசியால் துளைத்து எடுப்பார்கள். ஈபஸ் என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். இதயத்தைத் துளைப்பதைவிட ஆபத்து குறைவு, கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு. பெட் ஸ்கேனை உடல் முழுக்க எடுத்திருந்தால் எந்தக் கணு அதிகம் எரிகிறது என்று அதிலேயே தெரியும், அதையே குறிவைக்கலாம். தோலில் பழைய தழும்பு திடீரென்று தடித்துச் சிவந்திருந்தால் அதையும் காட்டுங்கள். சார்காய்டு பழைய தழும்புக்குள் வந்து உட்காரும், அங்கே எடுப்பது மிகச் சுலபம். கண் மருத்துவரிடம் ஒருமுறை போய் வருவதும் அவசியம். கண்ணுக்குள் அழற்சி இருந்தும் நோயாளிக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: காசநோய். நெஞ்சில் நெறிக்கட்டி, பெட் ஸ்கேனில் ஒளிர்வு, திசுவில் கிரானுலோமா, அரிதாக இதயத்திலும் வேகத் துடிப்பு என எல்லாவற்றையும் டிபி அப்படியே நகல் எடுக்கும். ஸ்கேன் படம் எது டிபி, எது சார்காய்டு என்று பிரித்துச் சொல்லாது. டிபி கிரானுலோமாவின் நடுவில் திசு செத்துப் பாலாடைக்கட்டி போல இருக்கும், சார்காய்டில் அப்படி இருக்காது என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சின்ன ஊசியில் வந்த துணுக்கில் அந்த நடுப்பகுதி வராமல் போகலாம். டிபி-யிலும் சாகாத கிரானுலோமாக்கள் உண்டு. அதனால் எடுத்த திசுவில் ஒரு பகுதியை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடாமல் தனியாக வைத்து, டிபி கிருமிக்கான ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பிறகு கல்ச்சர் செய்ய வழியில்லை. ஊசி போடுவதற்கு முன்பே இதைச் சொல்லி வைக்க வேண்டும். கல்ச்சர் முடிவு வர ஆறு எட்டு வாரம் ஆகும். டிபிக்காகத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டோ பரிசோதனை சுத்தமாக இருந்தால் சார்காய்டு பக்கம் சற்றுச் சாயலாம், அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. டிபி-யை விலக்காமல் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிணநீர்ப் புற்றுநோயும் இதே கணுக்களில் வரும். ஸ்டீராய்டு அதையும் கொஞ்ச நாள் சுருக்கிக் காட்டிவிட்டு, பிறகு எடுக்கும் பயாப்ஸியைக் குழப்பிவிடும்.

இன்னொரு குழுவும் வேஷம் போடுகிறது: மரபணுவால் வரும் தசை நோய்கள். லாமின் என்ற மரபணுவில் பிழை இருந்தால் இளம் வயதில் ஹார்ட் பிளாக், பிறகு வேகத் துடிப்பு, பிறகு பம்பிங் குறைவு. கேட்டால் அப்படியே தம்பியின் கதை போலவே இருக்கும். டெஸ்மோபிளாக்கின் மரபணுப் பிழையில் இதயம் அவ்வப்போது அழற்சியடைந்து பெட் ஸ்கேனிலும் ஒளிரும். இவர்களுக்கு ஸ்டீராய்டால் பலன் எதிர்பார்க்க முடியாது. குடும்பத்தில் இளம் வயதில் திடீரென இறந்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உள்ளங்கை, பாதம் தடித்திருப்பது, முடி கம்பளி போலச் சுருண்டிருப்பது எல்லாம் டெஸ்மோபிளாக்கின் பக்கம் கைகாட்டும். தம்பிக்கு நெஞ்சில் நெறிக்கட்டியும் இருப்பதால் மரபணு நோய்க்கான வாய்ப்பு குறைவு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் கணுவில் எதுவும் கிடைக்காமல் போனால் மரபணுப் பரிசோதனையைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மருத்துவர்கள் எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் 1993இல் முதல் அளவுகோலை வகுத்தது, 2006இல் திருத்தியது. 2014இல் ஹார்ட் ரிதம் சொசைட்டியும், உலக சார்காய்டோசிஸ் அமைப்பும் தனித்தனியாக வெளியிட்டன. 2024இல் அமெரிக்க ஹார்ட் அசோசியேஷனும் விரிவான அறிக்கை ஒன்று தந்தது. ஹார்ட் ரிதம் சொசைட்டியின் கணக்குப்படி இரண்டு வழி உண்டு. ஒன்று, இதயத் திசுவிலேயே கிரானுலோமா கிடைப்பது. அப்போது கேள்வி இல்லை. இரண்டாவது, உடலின் வேறு இடத்தில் கிரானுலோமா உறுதியாகி, அதோடு காரணம் தெரியாத பெரிய ஹார்ட் பிளாக், நீடித்த வேகத் துடிப்பு, நாற்பது சதவீதத்துக்கும் கீழ் பம்பிங், எம்ஆர்ஐயில் பொருந்தும் தழும்பு, பெட் ஸ்கேனில் திட்டான ஒளிர்வு, இப்படி ஏதாவது ஒன்றாவது இருந்து, மற்ற காரணங்கள் விலக்கப்பட்டால், 'அநேகமாக இதய சார்காய்டோசிஸ்' என்று சொல்லலாம். இந்த இரண்டாவது வழியில் உறுதி என்ற சொல்லை அவர்களும் பயன்படுத்துவதில்லை. வேறு எங்கும் கிரானுலோமாவே இல்லாமல் இதயத்தில் மட்டும் இந்த நோய் வரலாமா, படத்தை மட்டும் வைத்து அப்படி முத்திரை குத்தலாமா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஜப்பானின் பிந்தைய வழிகாட்டுதல் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. ஹார்ட் ரிதம் சொசைட்டியின் அளவுகோல் திசுவைக் கேட்கிறது. இதயத்தில் மட்டும் வருவது உண்மையில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பெயரில் நடமாடுபவர்களில் சிலருக்கு மரபணு நோய் என்பதும் பின்னால் தெரிய வருகிறது. தம்பியின் நிலையில் இந்தச் சர்ச்சைக்கே போக வேண்டியதில்லை, எடுக்கக் கணு இருக்கும்போது.

ஸ்டீராய்டு பற்றியும் தயக்கமில்லாமல் சொல்லலாம். அழற்சி உள்ளவர்களுக்கு அதைத் தொடங்குவதில் பெரும்பாலான நிபுணர்கள் ஒத்துப்போகிறார்கள், பலருக்கு ஒளிர்வு அணைந்து பிளாக்கும் சிலருக்குச் சரியாகிறது. ஆனால் எவ்வளவு, எத்தனை நாள், நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எப்போது சேர்ப்பது என்பதெல்லாம் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளில் இருந்து வந்தவை அல்ல, அனுபவத்தில் இருந்து வந்தவை. அதற்கான ஆய்வு ஒன்று கனடாவின் முன்முயற்சியில் தொடங்கப்பட்டது. பொதுவாக நாளுக்கு 30 முதல் 40 மில்லிகிராம் பிரெட்னிசலோனில் தொடங்கி, மூன்று முதல் ஆறு மாதத்தில் பெட் ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்த்துக் குறைப்பது வழக்கம். அவசரம் எவ்வளவு என்பது தம்பியின் நிலையைப் பொறுத்தது. வேகத் துடிப்பு நிற்காமல் வந்தாலோ பம்பிங் வேகமாகச் சரிந்தாலோ பயாப்ஸிக்குக் காத்திராமல் தொடங்க வேண்டி வரும், அது தவறல்ல. நிலையாக இருந்தால், கணு பயாப்ஸி முடிய சில நாள் பொறுப்பதால் நஷ்டம் இல்லை. ஸ்டீராய்டு சில வாரம் சாப்பிட்ட பிறகு எடுத்தால் கிரானுலோமா கரைந்து கணு பதில் சொல்லாமல் போகலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. தம்பிக்குச் சாதாரண பேஸ்மேக்கர்தான் இருக்கிறது. அது துடிப்பு குறைந்தால் தூண்டும். ஆபத்தான வேகத் துடிப்பு வந்தால் அதிர்ச்சி கொடுத்து நிறுத்தாது. இதய சார்காய்டோசிஸ் உள்ளவருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படும் நிலையில், பம்பிங் நன்றாக இருந்தாலும் ஐசிடி (அப்படி அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் கருவி) வைப்பது நல்லது என்பது ஹார்ட் ரிதம் சொசைட்டியின் 2014 வழிகாட்டுதலின் கருத்து. அதிலும் வேகத் துடிப்பு பதிவாகியிருப்பதால், அது எத்தனை நொடி நீடித்தது, ஐசிடியாக மாற்ற வேண்டுமா என்று மின்துடிப்பு நிபுணரிடம் இந்த வாரமே கேளுங்கள். நோயின் பெயர் உறுதியாவதற்காக இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஸ்டீராய்டு அழற்சியைத் தணித்தாலும் ஏற்கெனவே ஆறிய தழும்பை அழிக்காது, துடிப்பு அதில் இருந்து கிளம்பலாம். ஐசிடி பற்றி முடிவாகும் வரை தம்பி வண்டி ஓட்ட வேண்டாம், தனியாக நீந்தவும் வேண்டாம். படபடப்போடு கண் இருட்டினால் வீட்டில் பொறுத்துப் பார்க்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஸ்டீராய்டு தொடங்கிவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் தானாக நிறுத்தக்கூடாது. குறைப்பதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லும் அளவில்தான்.